எரேமியா புத்தகம்: அதிகாரங்கள் ஏன் முன்னும் பின்னுமாக ஓடுகின்றன? வேதவகுப்புக்கு எந்த வரிசை சரி?

சுங்கை சிப்புட் வேதவகுப்பு:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் சனிக்கிழமை வேதவகுப்பில் அடுத்து எரேமியாவை எடுக்கிறோம். பத்து வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் வந்தால் மறுவாரம் வர முடியாது. லுத்தரன், மெத்தடிஸ்ட், கத்தோலிக்கர் எல்லாரும் கலந்த குழு, ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு.

முதல் சிக்கல் கால வரிசை. 21ஆம் அதிகாரத்தில் சிதேக்கியா ராஜா. 25இல் அவனுக்கு முன்னால் ஆண்ட யோயாக்கீம். 32இல் மறுபடி சிதேக்கியா, 35இல் மறுபடி யோயாக்கீம். நேராக வாசித்தால் யாருக்கும் பிடிபடாது. வரிசையை மாற்றி வாசிக்கலாமா, இல்லை இந்த ஒழுங்குக்கே காரணம் உண்டா?

அடுத்தது, 33:14-26 கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் இல்லை என்று ஒரு விளக்க வேதாகமத்தின் அடிக்குறிப்பு சொல்கிறது. வகுப்பில் யாராவது கேட்டால் என்ன சொல்வது?

கடைசியாக, ப்ரொஜெக்டரில் காட்டத் தொல்லியல் படங்கள் வேண்டும். ‘பாருக்கின் முத்திரை’ என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதைப் போடலாமா?

சுருளும் சூரிக்கத்தியும்:

சகோதரரே, 1இல் தொடங்காதீர்கள், 36இல் தொடங்குங்கள். இந்தப் புத்தகம் எப்படி உருவானது என்று புத்தகமே சொல்லும் இடம் அது.

யோயாக்கீமின் நாலாம் வருஷம், கி.மு. 605. எரேமியா சொல்லச் சொல்ல அவனுடைய எழுத்தன் பாருக் சுருளில் எழுதுகிறான். மறுவருஷம் ஒன்பதாம் மாதம் அது ஆலயத்தில் வாசிக்கப்பட்டு, அன்றைக்கே அரண்மனைக்குப் போகிறது. குளிர்காலம், ராஜாவுக்கு முன்னால் கணப்பு எரிகிறது. யெகுதி மூன்று நாலு பத்தி வாசித்து முடிக்க முடிக்க, ராஜா அந்த அளவைச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். ஒரே வீச்சில் எறிந்துவிடவில்லை. கேட்டுக் கேட்டு, பத்தி பத்தியாக அறுத்து எரிக்கிறான். பிறகு பாருக் இரண்டாவது சுருள் எழுதும்போது, பழைய வார்த்தைகளோடு அவற்றுக்கு ஒத்த இன்னும் பல வார்த்தைகள் சேர்ந்தன என்கிறது 36:32. எருசலேம் பாபிலோனியரிடம் விழ இன்னும் கிட்டத்தட்ட இருபது வருஷம் இருக்கிறது. அந்த இருபது வருஷச் செய்தியும் பின்னால் வந்து சேர்ந்தது. புத்தகம் ஒரே மூச்சில் எழுதப்பட்டதல்ல என்பதை இந்த ஓர் அதிகாரத்தை வைத்தே காட்டிவிடலாம்.

ஆராய்ச்சியாளர்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள். 1901இல் பெர்னார்ட் டூம், எரேமியாவின் சொந்த வாக்கு என்று ஏறத்தாழ 280 வசனங்களை மட்டுமே ஒப்புக்கொண்டார். 1914இல் சிக்மண்ட் மோவிங்கெல் மூன்று அடுக்கு என்றார்: கவிதை வாக்குகள், எரேமியாவைப் பற்றிப் பிறர் சொல்லும் வரலாறு, உபாகமத்தின் நடையில் அமைந்த உரைநடைப் பிரசங்கங்கள். டூமின் கணக்கு மிகவும் குறுகலானது, இன்று அதை அப்படியே பிடித்துக்கொள்பவர்கள் குறைவு. ஆனால் மூன்று வகை எழுத்து இருக்கிறது என்பது தமிழில் வாசித்தாலே தெரியும். 7ஆம் அதிகாரத்தையும் 26ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே ஆலயப் பிரசங்கம், இரண்டிலும் முன்பு கர்த்தருடைய ஸ்தலம் இருந்து பாழாய்ப்போன சீலோவுக்கு நடந்தது இந்த ஆலயத்துக்கும் நடக்கும் என்ற எச்சரிக்கை. 7இல் பேச்சு நீளமாக இருக்கிறது, தேதி இல்லை. 26இல் பேச்சு நாலைந்து வசனம்தான். ஆனால் தேதி உண்டு, கைது உண்டு, வழக்கு உண்டு, மீகா தீர்க்கதரிசியின் பழைய வாக்கைப் பெயர் சொல்லி எடுத்துக்காட்டி மூப்பர்கள் வாதாடுவதும் உண்டு. வகையை வைத்துத் தொகுத்திருக்கிறார்கள், தேதியை வைத்தல்ல.

அதனால் புத்தகத்தைக் கலைத்து அடுக்க வேண்டாம்; வாசிக்கும் வரிசையை மட்டும் மாற்றுங்கள். ஒரு தாளில் ராஜாக்களை எழுதி ஆளுக்கொரு போட்டோஸ்டேட் கொடுங்கள். யோசியா (609இல் மெகிதோவில் மரணம்), யோவாகாஸ் மூன்று மாதம், யோயாக்கீம் 609-598, யோயாக்கீன் மூன்று மாதம், சிதேக்கியா 597 முதல் நகரம் விழும்வரை. குழப்பம் பெரும்பாலும் பெயரில்தான் தொடங்கும். 22:11இல் வரும் சல்லூம் யோவாகாஸ்தான். கோனியா, எகொனியா என்ற இரண்டு பெயரும் யோயாக்கீனுடையவைதான். கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் எழுத்துக்கூட்டல் வேறுபடும், ஆகையால் தாளில் இரண்டு வடிவத்தையும் எழுதிவிடுங்கள்.

பத்து வாரத்துக்கு நான் சொல்லும் வரிசை: முதல் வாரம் 36, கூடவே 1. இரண்டாவது 26உம் 7உம். மூன்றாவது 2-6இலிருந்து தெரிந்தெடுத்த பகுதிகள். நாலாவது எரேமியாவின் முறையீடுகள் (11:18-12:6, 15:10-21, 17:14-18, 18:18-23, 20:7-18). இவற்றைச் சத்தமாக வாசிக்க வேண்டும், விளக்கம் குறைவாகப் போதும். ஐந்தாவது 25, 35, 45. ஆறாவது 22-24உம் 29உம். ஏழாவது 27-28, அதோடு 51:59-64. எட்டாவது 37, 32, 38, இதே வரிசையில். ஒன்பதாவது 30, 31, 33. பத்தாவது 39-44உம் 52உம்.

ஏழாம் வாரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. உங்கள் பதிப்பில் 27:1இல் ‘யோயாக்கீம்’ என்றிருந்தால், 27:3ஐயும் 27:12ஐயும் உடனே காட்டுங்கள்; அங்கே சிதேக்கியாவின் பெயர் வருகிறது. 28:1உம் அதே வருஷம் என்று சொல்லி, சிதேக்கியாவின் நாலாம் வருஷம் என்று தேதி போடுகிறது. 26:1இன் தலைப்பைப் பார்த்து நகல் எடுத்தவரின் கை வழுக்கியிருக்கிறது என்பதே பெரும்பாலோர் முடிவு. முன்கூட்டியே சொல்லாவிட்டால் அந்த ஒன்றரை மணி நேரமும் இந்த ஒரு வசனத்திலேயே போய்விடும்.

கிரேக்கம் வாசிப்பவள்:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன் அண்ணா. அந்த அடிக்குறிப்பு சரியானதுதான். மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

எரேமியாவின் கிரேக்க வடிவம் எபிரெய வடிவத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சிறியது. 33:14-26 அதில் இல்லாத பகுதிகளிலேயே நீளமானது. 10:6-8, 39:4-13, 52:28-30 ஆகியவையும் இல்லை. இருக்கும் பகுதியிலும் இடம் மாறுகிறது: நம் வேதாகமத்தில் 46-51இல் வரும் பிற தேசங்களைப் பற்றிய வாக்குகள் கிரேக்கத்தில் 25:13க்குப் பிறகே வந்துவிடுகின்றன. அங்கே ஏலாம் முதலில், அடுத்து எகிப்து, மூன்றாவதாகவே பாபிலோன். நம்முடையதில் எகிப்து முதல், பாபிலோன் கடைசி.

மொழிபெயர்த்தவர் வெட்டிவிட்டார் என்றுதான் நெடுங்காலம் பலர் நினைத்தார்கள். சாக்கடல் ஓரத்தில் பழைய சுருள்கள் கிடைத்த கும்ரானின் நாலாம் குகையில் கிடைத்த எபிரெயத் துண்டுகள் இந்த எண்ணத்தை மாற்றின. அவற்றில் ஒரு துண்டில் 10ஆம் அதிகாரத்தின் ஒரு பகுதி இருக்கிறது. அதில் 6-8 வசனங்களும் 10ஆம் வசனமும் இல்லை. கிரேக்கத்தில் உள்ளதைப் போலவே! அதாவது, குறுகிய எரேமியா எபிரெயத்திலேயே இருந்திருக்கிறது. அதே குகையில் நீளமான வடிவத்தின் பிரதிகளும் கிடைத்தன. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே சமூகத்தாரிடம். குறுகியது முந்திய பதிப்பு, நீளமானது பிந்திய விரிவு என்று இம்மானுவேல் தோவ் முதலான ஆராய்ச்சியாளர்கள் விளக்குகிறார்கள். நகல் எடுக்கும்போது கண் வரி தாண்டியதால் குறுகியது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். சிறு விடுபாடுகளுக்கு அது பொருந்தும். ஆனால் பதின்மூன்று வசனம் முழுசாகத் தாண்டியது என்றோ, ஆறு அதிகாரம் இடம் மாறியது என்றோ அப்படி விளக்க முடியாது என்பது என் கருத்து.

வகுப்பில் கேட்டால் 36:32க்குத் திரும்புங்கள். சுருள் வளர்ந்தது என்று வேதமே சொல்லியிருக்கிறதே; இரண்டு அளவில் அது கைமாறி வந்ததில் யாருடைய விசுவாசமும் ஆட வேண்டியதில்லை. கத்தோலிக்கர் வேதாகமத்திலும் எரேமியா நீளமான எபிரெய வடிவத்திலிருந்தே வருகிறது. அவர்களிடம் கூடுதலாக இருப்பது பாரூக்கு என்ற தனி நூல். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு கேள்வி வரும், முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

மண்மேடு:

பாருக் முத்திரைப் படத்தைப் போடாதீர்கள் ஐயா. அது எந்த அகழாய்விலும் கிடைக்கவில்லை; 1970களில் பழம்பொருள் சந்தைக்கு வந்தது. கைரேகை பதிந்ததாகச் சொல்லி இன்னொன்றும் பின்னால் வந்தது. 2014இல் வெளியான ஆய்வு இரண்டுமே இந்தக் காலத்துப் போலிகள் என்று முடிவு செய்தது.

அதற்குப் பதில் காட்டத்தக்கவை இருக்கின்றன. சாப்பானின் குமாரன் கெமரியாவின் முத்திரை பதிந்த களிமண் வில்லை 1982இல் எருசலேமின் தாவீதின் நகரப் பகுதியில் அகழாய்விலேயே கிடைத்தது. நகரம் எரிந்தபோது பத்திரங்கள் சாம்பலாகிவிட்டன. அவற்றின் மேல் ஒட்டியிருந்த களிமண் மட்டும் அதே நெருப்பில் சுட்டு இறுகி நிலைத்துவிட்டது. 36:10இல் பாருக் சுருளை வாசித்தது இந்தக் கெமரியாவின் அறையில்தான். 36:25இல் சுருளை எரிக்க வேண்டாம் என்று ராஜாவைக் கெஞ்சியவர்களில் அவனும் ஒருவன். முதல் வாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது.

38:1இல் வரும் செலேமியாவின் குமாரன் யூகாலின் முத்திரை 2005இலும், பஸ்கூரின் குமாரன் கெதலியாவின் முத்திரை 2008இலும் கிடைத்தன. எரேமியாவைக் கொல்லச் சொல்லி, பிறகு குழியில் போட்டவர்களில் இவர்கள் இருவர். இந்தக் கெதலியா வேறு, 40இல் தேசாதிபதியாகும் அகீக்காமின் குமாரன் கெதலியா வேறு. படத்தின் கீழே தகப்பன் பெயரையும் போடாவிட்டால் கட்டாயம் குழப்பம் வரும்.

லாகீஸில் 1935இல் கிடைத்த, உடைந்த பானை ஓட்டில் எழுதிய கடிதங்களில் நாலாவது, ‘லாகீஸின் தீ அடையாளங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை’ என்ற பொருளில் முடிகிறது. 34:7இல் கடைசிவரை நின்ற அரணான பட்டணங்கள் இந்த இரண்டுந்தான். ஆனால் ‘அசெக்கா விழுந்த அன்றே எழுதிய கடிதம்’ என்று சொல்லிவிடாதீர்கள். காண முடியாமல் போனதற்குக் குன்று மறைத்தது முதல் எத்தனையோ காரணம் இருக்கலாம்.

தேதி கேட்டால்: பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமை முதலில் பிடித்தது கி.மு. 597 மார்ச் 16 என்று பாபிலோனிய நாளாகமப் பலகையிலிருந்து நாள் கணக்கே சொல்ல முடியும். இரண்டாவது முறை நகரம் அழிந்ததற்கு அப்படி முடியாது, ஏனென்றால் அந்தப் பலகையின் பதிவு 594ஓடு நின்றுவிடுகிறது. அதனால்தான் ஒரு நூலில் 587, இன்னொன்றில் 586 என்றிருக்கும். எரேமியா 52இலேயே 12ஆம் வசனம் நேபுகாத்நேச்சாரின் பத்தொன்பதாம் வருஷம் என்கிறது, 29ஆம் வசனம் பதினெட்டாம் வருஷம் என்கிறது. பதவியேற்ற வருஷத்தை எண்ணுவதா விடுவதா என்பதில் வரும் வித்தியாசம். இரண்டில் ஒன்றை எடுத்து எல்லாத் தாளிலும் அதையே போடுங்கள்.

சுங்கை சிப்புட் வேதவகுப்பு:

மூவருக்கும் மிக்க நன்றி. எட்டாம் வாரத்தில் 37க்குப் பிறகு 32 என்று போட்டிருக்கிறீர்களே, ஏன்? பத்தாம் வாரத்தில் 52ஐ 2 இராஜாக்களோடு சேர்த்து வாசிக்கலாமா?

சுருளும் சூரிக்கத்தியும்:

37ஐ விட்டுவிட்டு 32ஐ வாசித்தால் நிலம் வாங்கியது திடீரென்று வந்தது போலத் தோன்றும். எகிப்தின் படை வருகிறது என்று கேட்டுக் கல்தேயர், அதாவது பாபிலோனியர், முற்றுகையை விட்டு விலகுகிறார்கள் (37:5). அந்த இடைவெளியில் எரேமியா தன் பங்கைப் பார்க்கப் பென்யமீன் தேசத்துக்குப் புறப்பட, வாசலிலேயே பிடிபடுகிறான். குற்றச்சாட்டு, எதிரியிடம் ஓடுகிறான் என்பது. அடி, சிறை, பிறகு காவல் முற்றம் (37:21). 32:2 தொடங்குவது அதே காவல் முற்றத்தில். நிலத்தின் பேரில் துரோகி என்று பிடிபட்டவனைத் தேடித்தான் அவனுடைய உறவினன் அனாமெயேல் வருகிறான், ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்று. வெளியே மறுபடி முற்றுகை. வாங்குபவன் அதில் காலெடுத்து வைக்கக்கூட முடியாது.

விலை பதினேழு சேக்கல் வெள்ளி. அன்றைக்குக் காசு இல்லை, தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள். யூதாவின் எடைக்கல் ஒரு சேக்கல் ஏறத்தாழ 11.3 கிராம், ஆக மொத்தம் 190 கிராம் சுமார். பத்திரம் இரண்டு: முத்திரை போட்டது, திறந்தது. திறந்ததை யாரும் பார்க்கலாம். வழக்கு வந்தால் முத்திரையை உடைத்து உள்ளே இருப்பதோடு ஒப்பிடுவார்கள். இதே முறையில், மேல்பாதியைச் சுருட்டிக் கட்டிக் கீழ்ப்பாதியைத் திறந்துவிட்ட பத்திரங்கள் யூதேயப் பாலைவனக் குகைகளில் கிடைத்திருக்கின்றன, அவை எரேமியாவுக்கு ஏழு நூற்றாண்டு பிந்தியவை. உங்கள் வகுப்பில் விளக்குவது எளிது: நில அலுவலகத்தில் ஒரு கெரான் (நிலப் பட்டா), வீட்டில் ஒரு கெரான். அலுவலகமே எரியப்போகிற ஊரில் என்ன செய்வது? மண்பாண்டத்தில் போட்டு வை என்று பாருக்குக்குச் சொல்கிறான் (32:14).

52ஐத் தாராளமாகச் சேர்த்து வாசியுங்கள், 2 இராஜாக்கள் 24:18-25:30ஓடு. 51:64இல் ‘எரேமியாவின் வசனங்கள் இவ்வளவோடே முடிந்தது’ என்று வருவதால் 52 பிற்சேர்க்கை என்பதில் சந்தேகம் இல்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து வேறுபாட்டைக் குறிக்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் பிடிக்கும். முக்கியமாக இரண்டு தெரியும். சிறைபோனவர் கணக்கு, 3,023, 832, 745, கூட்டினால் 4,600, எரேமியாவில் மட்டும் இருக்கிறது. கெதலியா கொலையுண்டது இராஜாக்களில் இருக்கிறது, எரேமியா 52இல் இல்லை; 40, 41இல் அது ஏற்கெனவே விரிவாக வந்துவிட்டது.