பெரிய டீச்சரிடம் அகப்பட்டுக்கொண்ட தருணம் ஒன்று சொல்லுங்கள்

ஊருணிக்கரை:

நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய டீச்சரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1955 முதல் 1992 வரை நம் தொடக்கப் பள்ளியில் அதே ஓட்டுக் கொட்டகை, அதே கண்டாங்கிச் சேலை, அதே குரல். பர்மாவிலிருந்து நடந்து வந்த கதையும் எல்லோருக்கும் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன், மூன்று வாரமாக எனக்குத் தூக்கம் சரியில்லை.

வீட்டுப் பங்கு விஷயமாக ஊருக்குப் போயிருந்தேன். பதினோரு பங்காளிகள், ஒரு பூட்டு, நான்கு சாவி. அது தனிக் கதை. காலையில் ஊருணிப் பக்கம் நடந்தபோது டீச்சர் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தொண்ணூறு தாண்டிவிட்டது, கண் மங்கிவிட்டது என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன். நான் வாயைத் திறக்குமுன்பே, "நடை உன் அப்பச்சி நடைதான்" என்றார். அடுத்த கேள்வி: "உன் தம்பி இப்போதாவது றகரத்தை ஒழுங்காகப் போடுகிறானா?"

தம்பி போய் ஒன்பது வருடம் ஆகிறது.

"போடுகிறான் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

பொய் சொல்கிறவனின் கால் கட்டைவிரல் மண்ணைக் கிளறும் என்று டீச்சர் சொல்வாரே, நினைவிருக்கிறதா? அன்றும் குனிந்து என் காலைத்தான் பார்த்தார். கண் தெரியாதவர் எதற்குக் காலைப் பார்க்க வேண்டும்? பிறகு "நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த தண்டை எடுத்துக் கிள்ள ஆரம்பித்துவிட்டார்.

உங்களுக்கும் ஏதாவது இருக்கும். எழுதுங்கள்.

ஆத்தங்குடிக் கல்:

எனக்கு அந்த 'லை'. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. மேலே யானைத் துதிக்கை போல் வளைவு வைத்த பழைய லையைக் கோணாமல் எழுத இரண்டு வருடம் பாடுபட்டிருந்தோம். ஒரு திங்கட்கிழமை காலை டீச்சர் அந்தப் பழைய லையைப் பலகை முழுவதுக்கும் பெரிதாக எழுதினார். வெள்ளிக்கிழமைதான் ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசியிருந்தோம், பலகை கன்னங்கரேலென்று இருந்தது. "நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி இப்படி எழுதினால் தப்பு" என்றார். சனிக்கிழமை வரை அப்படி எழுதாவிட்டால்தான் தப்பு! யாரும் மூச்சு விடவில்லை. என்னைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார். எனக்கு எட்டியது கீழ்ப்பாதிதான். துதிக்கை மட்டும் மேலே தொங்கிக்கொண்டே இருந்தது. அதை டீச்சர் அழிக்கவில்லை, மத்தியானம் வரை அப்படியே விட்டுவிட்டார்.

அவருடைய அறைக் கதவில் 'தலைமை ஆசிரியை' என்று பெயிண்டில் எழுதியிருந்ததே, அந்த லையும் மாறவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்டதற்குப் "பெயிண்டர் வரவில்லை" என்றார். ஓய்வு பெறும்வரை பெயிண்டர் வரவே இல்லை.

என் பெயரில் ஒரு லை இருக்கிறது. வங்கியில் கையெழுத்துப் போடும்போது அந்த இடம் வந்தால் இன்னும் பேனா ஒரு நொடி நின்றுதான் நகர்கிறது.

திருத்தம்:

சிறு திருத்தங்கள்.

மாறியது லை மட்டும் அல்ல, மொத்தம் 13 எழுத்துகள். ணா, றா, னா வரிசையும் அதில் உண்டு. அரசாணை வந்தது 1978 அக்டோபரில். பெரியார் 1935லேயே தம் குடிஅரசு இதழில் அந்த முறையில் அச்சடிக்கத் தொடங்கிவிட்டார். ஆகவே டீச்சருக்கு அது திடீரென்று வந்த அதிர்ச்சியாக இருந்திருக்க முடியாது. நம் பக்கம் குடிஅரசு வாங்கிய வீடுகள் எத்தனையோ இருந்தன. பெயிண்டர் கதையை ரசித்தேன், ஆனால் அதை எழுத்துப் பற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊராட்சி ஒன்றியத்திலிருந்து சில்லறைச் செலவுக்குப் பணம் வந்திருக்காது, அவ்வளவே.

அடுத்து, பர்மாவிலிருந்து நடந்து வந்தார் என்பது ஊர் கட்டிய கதை. எங்கள் ஐயா ரங்கூன் கிட்டங்கியில் (வட்டிக்கடையில்) அடுத்தாளாக (உதவியாளராக) இருந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு விழுந்ததும் கப்பல் பிடித்து வந்து சேர்ந்தார். வசதியானவர்கள் எல்லாம் கப்பலில்தான் வந்தார்கள். பெண்பிள்ளைகளைக் காட்டு வழியில் யார் நடக்கவிட்டார்கள்?

மேலும், கண்டாங்கி அல்ல. டீச்சர் பள்ளிக்கு வெள்ளை வாயில் (மெல்லிய பருத்தி) சேலைதான் கட்டுவார்.

எனக்கென்று தனி அனுபவம் ஏதும் இல்லை. நான் பக்கத்து ஊர்ப் பள்ளி.

கடைசி வரிசை:

எல்லோரும் கோயில் கட்டிக் கும்பிடுகிறீர்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன்.

நான் நொட்டாங்கைக்காரன். சிலேட்டுக் குச்சியை இடது கையில் பிடித்தேன். முதல் நாள் புளியம் விளாரால் புறங்கையில் ஒன்று வைத்தார். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் தன் முந்தானையில் முடிந்திருந்த சாக்குச் சணலை அவிழ்த்து, என் இடது கையைப் பெஞ்சுக் காலோடு கட்டிவிட்டார். இறுக்கமாக இல்லை, இழுத்தால் வந்துவிடும். நான் இழுக்கவில்லை. அந்த வருடம் முழுவதும் தினமும் காலை நானே போய்க் கையை நீட்டுவேன், கட்டிவிடுவார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அடி மறந்துவிட்டது. நானே போய் நீட்டினேனே, அது மறக்கவில்லை.

இன்று வலது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கும். ரம்பம் பிடிப்பது, பந்து எறிவது எல்லாம் இடது கைதான்.

ஊருணிக்கரை:

அந்தக் காலத்தில் எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் நடந்தது. டீச்சரை மட்டும் தனியாகக் குற்றம் சொல்வது நியாயமா? நீங்கள் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் உங்கள் வீட்டுக்கே வந்து, பெரிய பள்ளியில் சேர்க்காவிட்டால் வாசலை விட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்தவர் யார்?

கடைசி வரிசை:

அவரேதான். வாசலில் உட்கார்ந்ததையும் மறுக்கவில்லை, கட்டியதையும் மறுக்கவில்லை. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றை எடுத்துப் போட்டு ஏன் மூடுகிறீர்கள்?

கருவூல வாசல்:

நான் அவரிடம் படித்தவன் அல்ல. கருவூலத்தில், உயிரோடு இருப்பதைக் காட்டும் ஓய்வூதிய நேர்காணலுக்கு வந்தவரை ஒரு முறை பார்த்திருக்கிறேன். இயந்திரத்தில் வலது கட்டைவிரலை வைத்தார், ரேகை விழவில்லை. "சாக்பீஸ் தின்றுவிட்டது" என்று அலுவலரிடம் சொல்லிச் சிரித்தார். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் இதைப் படிக்கும் பலர் வீட்டில் வயதான ஓய்வூதியர்கள் இருப்பார்கள், ஆகவே சொல்லிவைக்கிறேன். 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, நூறு நிறைந்தால் இரட்டிப்பு. தானாக ஏறிவிடும் என்று விட்டுவிடாதீர்கள், ஓய்வூதிய ஆணையில் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி வைத்தது அம்மா அல்ல, பள்ளிக்கூடம். நேர்காணலுக்கு வண்டி பிடித்து அலைக்கழிக்க வேண்டாம். தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து உயிர்வாழ்வுச் சான்றுக்கு ரேகை எடுத்துப் பதிவு செய்வார், கட்டணம் 70 ரூபாய். ஆதார் அட்டை, ஓய்வூதியப் புத்தக எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி நான்கும் கையில் இருக்கட்டும். கைப்பேசி பேரன் பெயரில் சென்னையில் இருந்தால் ரகசிய எண் அங்கே போய்விடும், பேரன் கூட்டத்தில் இருப்பான், தபால்காரர் திண்ணையில் இருப்பார். ரேகை விழாதவர்களுக்கு முகத்தைக் காட்டிப் பதியும் வழியும் உண்டு. ஆனால் நல்ல வெளிச்சம் வேண்டும். நம் வீடுகளில் உள்ளே இரண்டாங்கட்டில் உட்காரவைத்துக்கொண்டு முயலாதீர்கள், வானவெளி பார்த்த இடமாக உட்காரவையுங்கள். வேட்டி, துண்டு எதையும் பின்னால் தொங்கவிட வேண்டாம். கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

டீச்சர் மகள்:

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். யாரோ இதை அனுப்பிவைத்தார்கள்.

திருத்தம் அவர்களுக்கு: என் தாத்தா கிட்டங்கிக் கணக்குப் புத்தகங்களோடு கப்பலில் முன்னால் வந்துவிட்டார். என் ஆயாவும் (பாட்டி) அம்மாவும் நடந்துதான் வந்தார்கள். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. எங்கள் வீட்டில் இதை யாரும் சத்தமாகப் பேசியதில்லை, நீங்களும் விட்டுவிடுங்கள். சேலை விஷயத்தில் இரண்டு பேர் சொன்னதும் சரி. அப்பா போன பிறகுதான் வெள்ளை வாயில்.

எனக்கு உறுத்துவது வேறு. ஐந்தாம் வகுப்பு, 1970. நானும் இன்னொரு பையனும் கணக்கில் ஆளுக்கு இரண்டு மதிப்பெண் குறைவு. அவனுக்குப் போட்டுத் தேர்ச்சி கொடுத்தார், எனக்குப் போடவில்லை. வகுப்பில் முடிவைப் படித்தபோது என் பெயர் வரவில்லை. வகுப்பில் அவரை நான் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும், அன்று வாய் தவறி "அம்மா" என்று எழுந்துவிட்டேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை, அடுத்த பெயரைப் படித்தார்.

இரவு தோசை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அவன் தோற்றால் அவன் அப்பா நாளைக்கே திருச்சிக்கு மளிகைக் கடைக்கு அனுப்பிவிடுவார். உனக்குப் போட்டால் ஊர் பேசும். நீ இன்னொரு வருடம் என்னோடு இரேன்." தட்டில் மூன்றாவது தோசையும் விழுந்தது. அந்த வீட்டில் எனக்கு இரண்டுதான் அளவு. நான் சாப்பிடவில்லை. அந்தப் பையன் யார் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அவருக்கே தெரியாது.

ஊருணிக்கரை அண்ணன், உங்கள் தம்பி துக்கத்துக்கு அம்மா வந்திருந்தார். நீங்கள் துபாயிலிருந்து வந்து சேருமுன்பே கிளம்பிவிட்டார். அதை மறந்துவிட்டுக் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா என்று எனக்கும் பிடிபடவில்லை. கேட்டுப் பார்த்தேன். "அவன் றகரம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்" என்கிறார்.

கடைசி வரிசை அவர்களுக்கு ஒன்று. அம்மாவும் இடது கைக்காரர்தான். கோலம், அரிவாள்மனை, மாவு பிசைவது எல்லாம் இடது கை. எழுத்தும் சோறும் மட்டும் வலது.

கடைசி வரிசை:

தெரிந்தேவா கட்டினார்? எனக்குக் கோபம் கூடுகிறது அம்மா, குறையவில்லை.

டீச்சர் மகள்:

கூடட்டும். நான் சமாதானம் செய்ய எழுதவில்லை.

கருவூல வாசல்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அப்படியென்றால் அவருக்கு இடது கட்டைவிரல் ரேகை விழ வாய்ப்பு உண்டு. ஆதாரில் பத்து விரலும் இருக்கிறது, எந்த விரலையும் வைக்கலாம். முயன்று பாருங்கள்.

டீச்சர் மகள்:

போன வாரமே தபால்காரர் வந்தார். அம்மா இடது கையைத்தான் நீட்டினார். முதல் தடவையிலேயே விழுந்துவிட்டது.