செயின்ட் ஜான் தீவுக்கென்று செனட்டர் உண்டா?

பனங்கிழங்கு:
கரீபியக் கடலில் உள்ள அமெரிக்க ஆட்சிப்பகுதியான அமெரிக்க வர்ஜின் தீவுகளில் "மூன்று தீவும் தனக்கென்று செனட்டரைத் தேர்ந்தெடுக்கிறது, செயின்ட் ஜானுக்கு ஒருவர்" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். தப்பு. சட்டசபையில் மொத்தம் 15 இடம், அதன் உறுப்பினர்தான் செனட்டர். செயின்ட் குரோய் தொகுதிக்கு 7. செயின்ட் தாமஸும் செயின்ட் ஜானும் சேர்ந்த தொகுதிக்கு 7. மிச்சம் ஒன்று அட்லார்ஜ் (at-large), அதாவது எல்லாத் தீவுக்கும் பொதுவான இடம். அதற்கு நிற்பவர் செயின்ட் ஜானில் குடியிருக்க வேண்டும், ஆனால் ஓட்டுப் போடுவது மூன்று தீவும்.

கடல்நண்டு:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். குடியிருப்பு நிபந்தனை பின்னே எதுக்கு? அங்கே அரசு உயர்நிலைப் பள்ளி கிடையாது. எட்டாவது முடிச்ச பிள்ளைங்க தினமும் க்ரூஸ் பேயில படகு ஏறி, ரெட் ஹூக்ல இறங்கி, செயின்ட் தாமஸ் பள்ளிக்குப் போகணும். தீவுல பாதிக்கு மேல தேசியப் பூங்கா. இதெல்லாம் அங்கே குடியிருக்கிறவருக்குத்தான் உறைக்கும். அது செயின்ட் ஜான் சீட்டுதான்.

பனங்கிழங்கு:
எங்கே குடியிருக்கிறார் என்பது வேறு, யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது வேறு. 2020 கணக்கெடுப்பில் செயின்ட் தாமஸ் 42,261, செயின்ட் குரோய் 41,004, செயின்ட் ஜான் வெறும் 3,881. செயின்ட் ஜான் மொத்தமும் ஒருவருக்கே குத்தினாலும் அவர் தோற்கலாம். அங்கே ஒரு ஓட்டுகூட வாங்காதவர் ஜெயிக்கலாம். அப்புறம் எப்படி அது அவர்கள் சீட்டு?

தென்கரை:
செயின்ட் குரோய் பக்கத்து வயிற்றெரிச்சலை யாரும் பேசுவதில்லை. சபை கூடுவது சார்லட் அமேலியில், அதாவது செயின்ட் தாமஸில். அட்லார்ஜ் ஆளும் அந்தப் பக்கத்தவர். ஆக அவர்களுக்கு 8, இவர்களுக்கு 7.

பனங்கிழங்கு:
அந்த எட்டாவது ஆளைத் தேர்ந்தெடுப்பதில் செயின்ட் குரோய்க்கும் சம பங்கு உண்டே! 41,004 பேர் உள்ள தீவின் ஓட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் முடிவே மாறும். அதனால்தான் சொல்கிறேன், அது செயின்ட் ஜான் சீட்டு இல்லை.

வாக்குச்சீட்டு:
வாக்குச்சீட்டைப் பார்த்தாலே தெரியும். ஒரு வாக்காளர் தன் தொகுதிக்கு 7 பேர் வரை குறிக்கலாம், அட்லார்ஜுக்கு ஒருவர். ஏழுக்குக் குறைவாகக் குறித்தால் பரவாயில்லை. எட்டுப் பேரைக் குறித்தால் அந்தப் பகுதி முழுக்கச் செல்லாது. செயின்ட் ஜான்காரரும் அந்த ஏழு பேருக்கு ஓட்டுப் போடுகிறார், அதையும் கணக்கில் வையுங்கள். இன்னொன்று, செனட்டர் என்பதை "மேலவை உறுப்பினர்" என்று எழுதாதீர்கள். அங்கே ஒரே அவைதான். மேலவையும் இல்லை, கீழவையும் இல்லை.

கடல்நண்டு:
மேலவைன்னு நான் எங்கேயும் எழுதலை. எழுதாததுக்கெல்லாம் என்னை இழுக்காதீங்க. 15 பேர்ல 8 பேர் ஆதரிச்சாத்தான் மசோதா நிறைவேறும். அப்படிப்பட்ட சபையில செயின்ட் ஜான் சீட்டு ஒண்ணே ஒண்ணுன்னாலும் எவ்வளவு கனம்!

பனங்கிழங்கு:
இதுவும் தப்பு. 8 என்பது கோரம் (quorum), அதாவது சபை நடக்கக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற எண்ணிக்கை. வந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை இருந்தால் மசோதா நிறைவேறும். எட்டே பேர் வந்து, எட்டுப் பேரும் வாக்களித்தால் 5 போதும். ஆளுநரின் வீட்டோவை, அதாவது மசோதாவை அவர் நிராகரிப்பதை, முறியடிக்கத்தான் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 10 பேர் வேண்டும். அங்கே வராதவரும் எதிர்ப்பவரும் ஒன்று. போன மாதம் இன்னொரு அமெரிக்க ஆட்சிப்பகுதியான குவாம் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் கிராமத்துக்கு ஒரு செனட்டர் என்று அடித்துச் சொன்னீர்கள். அங்கே 15 பேரையும் தீவு முழுக்க ஒரே தொகுதியாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கடல்நண்டு:
குவாமை எதுக்கு இழுக்கிறீங்க? பழைய பகையைத் தீர்க்க இது இடமில்லை.

தென்கரை:
1954 வரை செயின்ட் குரோய்க்குத் தனி நகராட்சி மன்றம் இருந்தது, 9 உறுப்பினர்களோடு. செயின்ட் தாமஸ்–செயின்ட் ஜான் மன்றத்தில் 7 பேர்தான். திருத்திய ஆர்கானிக் சட்டம் (இந்தத் தீவுகளின் ஆட்சிமுறைக்கு அடிப்படையான அமெரிக்கச் சட்டம்) வந்து இரண்டையும் ஒரே சபையாக்கியது. அன்றைக்கு இழந்ததைப் பற்றி இங்கே யாருக்கும் கவலை இல்லை.

வாக்குச்சீட்டு:
தொகுதி அமைப்பை மாற்ற 2019 மார்ச் 30இல் சிறப்பு வாக்கெடுப்பே நடந்தது. பதிவான வாக்காளர்களில் பாதிப் பேர் வராததால் செல்லாமல் போனது. குறை இருப்பது எல்லாருக்கும் தெரியும், ஓட்டுச்சாவடிக்கு வரத்தான் ஆளில்லை.

கடல்நண்டு:
எப்படிச் சுத்தி வந்தாலும் சட்டத்துல பேர் குறிச்சிருக்கிற தீவு செயின்ட் ஜான்தான். வேட்பாளர் அங்கே இல்லைன்னா நிக்கவே முடியாது. அது அந்தத் தீவோட சீட்டு.

பனங்கிழங்கு:
உறுப்பினரின் தகுதியில் சந்தேகம் வந்தால் தீர்ப்பளிக்கும் அதிகாரம் ஆர்கானிக் சட்டப்படி யாருக்கு? சபைக்குத்தான். அந்தச் சபையில் செயின்ட் ஜான் மட்டும் அனுப்பிய ஆள் ஒருவரைக் காட்டுங்கள்.

கடல்நண்டு:
அட்லார்ஜ் செனட்டர். காட்டிட்டேன்.

பனங்கிழங்கு:
அவரை அனுப்பியது மூன்று தீவும். மறுபடி முதல் பதிவைப் படியுங்கள்.