‘மேட்ரிக்ஸ் எஃபெக்ட்’: ‘சூழ்பொருள் விளைவு’ பொருந்துமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒரு மாதிரியில் உள்ள பிற பொருள்கள் அளவீட்டைப் பாதிப்பதை ஆங்கிலத்தில் ‘மேட்ரிக்ஸ் எஃபெக்ட்’ என்பர். அதற்குத் தமிழாக முந்தைய மடலில் வந்த ‘அணி விளைவு’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. அணி என்பது எண்களை அடுக்கும் கணிதச் சொல்லாக வேரூன்றிவிட்டது. குருதியில் மருந்தின் அளவைக் காணும் உயிரிப் பகுப்பாய்வில் மேட்ரிக்ஸ் என்பது, அளக்க வேண்டிய பகுபொருள் நீங்கலாக மாதிரியில் உள்ள அனைத்துமாகும். குருதியின் நீர்மப் பகுதியான பிளாஸ்மாவானால் அதன் நீர், புரதம், கொழுப்பு, உப்பு எல்லாம் அதில் அடங்கும்.

கோவையில் பல வீடுகளில் நல்ல தண்ணிக்கு ஒரு குழாய், உப்புத் தண்ணிக்கு ஒரு குழாய் உண்டு. பருப்பும் அடுப்பும் அதேதான் என்றாலும் உப்புத் தண்ணியில் பருப்பு எளிதில் வேகாது என்பதால், அரிசியும் பருப்பும் சாதத்துக்கு என் தாயார் சிறுவாணித் தண்ணீர்க் குடத்தைத்தான் எடுப்பார். மூலக்கூறுகளை மின்னேற்றி நிறையைக் கொண்டு அளக்கும் நிறை நிறமாலைமானியிலும் கதை இதுவே: பொருள் அதேதான், அதைச் சூழ்ந்திருப்பது விளைவை மாற்றுகிறது. மாதிரியை மின்னேற்றிய நுண்துளிகளாகத் தெளிக்கும் மின்தெளிப்பில் துளிகள் ஆவியாகும்போது, மாதிரியின் பொருள்களைப் பிரித்து அனுப்பும் பிரிகைக் குழலிலிருந்து பகுபொருளோடு ஒரே நேரத்தில் இறங்கும் பாஸ்போலிப்பிடுகள் என்னும் கொழுப்புகள் மின்னேற்றத்துக்குப் போட்டியிடுவதால், மருந்தின் அளவு மாறாமலே கருவி காட்டும் சைகை (சிக்னல்) குறைந்துவிடுகிறது.

‘ஊடக விளைவு’ என்றால் இன்று தொலைக்காட்சிதான் நினைவுக்கு வரும். ‘உடன்பொருள் விளைவு’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ‘எலிப் பிளாஸ்மா என்னும் உடன்பொருள்’ என்று எழுதியவுடன் சொல் சறுக்குகிறது. பிளாஸ்மா மருந்தின் கூட வருவதன்று, மருந்துதான் அதற்குள் கிடக்கிறது. ஆகவே மேட்ரிக்ஸுக்குச் ‘சூழ்பொருள்’ என்பதை முன்மொழிகிறேன். ‘உடன்பொருள்’ என்ற நல்ல சொல்லையும் வீணாக்காமல், மேற்சொன்னவாறு ஒன்றாக இறங்கிக் குறுக்கிடும் பொருள்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சொல் தொடரில் நிற்கிறதா என்று பார்க்க, மருந்து நெறிமுறைகளை ஒத்திசைக்கும் பன்னாட்டு அமைப்பான ஐ.சி.எச். 2022இல் ஏற்ற, உயிரிப் பகுப்பாய்வு முறைகளைச் சரிபார்ப்பதற்கான எம்10 வழிகாட்டியின் ஒரு விதியை என் நடையில் எழுதிப் பார்த்தேன்: குறைந்தது 6 வெவ்வேறு மூலங்களின் சூழ்பொருளில், தாழ்ந்த செறிவிலும் உயர்ந்த செறிவிலும் தரக்கட்டுப்பாட்டு மாதிரிகளை (தெரிந்த அளவு மருந்து சேர்த்தவை) அமைத்து, ஒவ்வொன்றையும் குறைந்தது 3 முறை அளக்க வேண்டும், எந்தச் சூழ்பொருளிலும் பிழை 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எனக்கு எங்கும் இடறவில்லை.

‘சூழலியலோடு குழம்பாதா?’ என்று கேட்கலாம். ‘பொருள்’ என்ற ஈறு இருப்பதால் குழம்பாது என்றே கருதுகிறேன். மேற்சொன்ன போட்டியால் மின்னேற்றம் பெற்ற துகள்களான அயனிகள் குறைந்து சைகை குறைவதற்கு (‘அயன் சப்ரெஷன்’) ஒருவர் தந்த ‘அயனி அடக்கம்’ மட்டும் வேண்டாம்; எங்கள் ஊரில் அடக்கம் என்றால் இடுகாடுதான். ‘அயனி ஒடுக்கம்’ எனலாமா?

அன்புடன்,
கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்