மலைப்பாதையில் ஓட்டும்போது பாட்டு: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டிவாசி:

ஏற்காட்டிலிருந்து அம்மாவோடு வாடகைக் காரில் இறங்கிக்கொண்டிருந்தோம். நான் முன் சீட்டில். ஓட்டுநர் நிதானமானவர்தான். பாட்டு அவருடைய போனில் ஓடியது, போன் டேஷ்போர்டு ஸ்டாண்டில் இருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன் அடுத்த பாட்டுக்கு மாற்றப் போனார். வண்டி குலுங்கியதில் விரல் எங்கோ பட்டு, திரை முழுக்க ஒரு விளம்பரம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் மூலையில் பொடியாக இருக்கும் பெருக்கல் குறியைத் தேடிக் குனிந்தார். நிமிர்ந்தபோது மேலே ஏறும் பேருந்து வளைவையே அடைத்துக்கொண்டு வந்துவிட்டது. ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி, அவரும் அது தெரிந்தவர்தான். எப்படியோ நின்றோம். பேருந்துக்குள் முன் கம்பியைப் பிடித்தபடி எங்களையே பார்த்த நடத்துநரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

என் சொந்தக் காரில் பழைய ஸ்டீரியோ. யு.எஸ்.பி. கிடையாது, ஆக்ஸ் மட்டும் உண்டு, அதாவது பிளேயரிலிருந்து ஒரு வயரைச் செருகிக் கேட்கும் துளை. ஓட்டும்போது போனைத் தொடுவதில்லை, ஆனால் அம்மாவுக்குப் பாட்டு இல்லாமல் முடியாது. கண்ணால் பார்க்காமலே இயக்கக்கூடிய சின்ன பிளேயர் யாராவது வைத்திருக்கிறீர்களா?

கோரிமேட்டுக்காரன்:

ஆக்ஸ் இருக்கிறதா, நல்லது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி, நம் பாட்டை ரேடியோ அலையாகக் காரின் எஃப்.எம். ரேடியோவுக்கு அனுப்புகிற எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் பக்கம் போய்விடாதீர்கள். சேலத்துக்குள் ஐந்து ரோடு வரைக்கும் அருமையாகப் பாடியது. மலை ஏறினோம், பாதி உயரம் தாண்டியதும் தாலாட்டு போன்ற ஒரு மெல்லிய பாட்டு அப்படியே அறுந்து, ஏதோ ஊர் ரேடியோவின் நகைக்கடை விளம்பரம் முழுச் சத்தத்தில் வெடித்தது. பின்னால் தூங்கிய குழந்தை அலறியது. அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் கை ஸ்டீயரிங்கை விட்டு வால்யூமுக்குப் போனது, கண்ணும் கூடவே போனது. அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

காரணம் எளிது. அந்தக் கருவியின் சக்தி மிகக் குறைவு. கீழே இருக்கும்போது மலை மறைத்த தூரத்து நிலையங்கள், உயரே போகப் போக நேர்க்கோட்டில் வந்துவிடும். கொடைக்கானலில் இருக்கிற கோடை பண்பலை வானொலியே 100.5இல் எத்தனை ஊருக்குக் கேட்கிறது! ஒரே அலைவரிசையில் இரண்டு வந்தால் எஃப்.எம். ரேடியோ இரண்டையும் கலக்காது, வலுவானதை மட்டும் பிடித்துக்கொள்ளும். அதனால் வளைவுக்கு வளைவு நம் பாட்டும் அவர்கள் விளம்பரமும் மாறி மாறி வரும்.

நாகலூர் தோட்டம்:

எல்லோரும் காரையே பேசுகிறீர்கள். இரண்டு சக்கரத்தில் வருகிறவர்களைப் பற்றி யாராவது சொல்லுங்கள். சாயங்காலம், லேசான மூடுபனி. முன்னால் ஒரு பையன், ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல், இரண்டு காதிலும் சத்தத்தை அடைக்கிற வகை இயர்பட். இடது பக்கம் காப்பிச் செடிக்குள்ளிருந்து காட்டெருமை ஒன்று தலையை நீட்டி நிற்கிறது. நான் ஜீப்பில் ஹாரனை விடாமல் அழுத்துகிறேன். அவன் தலை தாளத்துக்கு ஆடிக்கொண்டே போகிறது. அவன் கடந்து போன மறு நிமிடம் அது ரோட்டுக்கு வந்தது. அவனுக்கு இன்றுவரை தெரியாது.

எந்த பிளேயர் என்பது அப்புறம். காதுக்குள் வைக்கிற எதையும் மலைக்குக் கொண்டுவராதீர்கள்.

சீலநாயக்கன்பட்டி சர்வீஸ் ரோடு:

நாகலூர் நண்பர் சொன்னதில் பாதிதான் சரி. காரிலும் வால்யூமைக் கூட்டிவைத்தால் அதே கதைதான். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பின்னால் ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் ஹாரனை அழுத்தியபடி வந்ததை, நாங்கள் பாட்டை நிறுத்தியிருந்ததால்தான் கேட்டோம். ஒதுங்கினோம், தப்பித்தோம்.

பிளேயருக்கு வருகிறேன். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வண்டிக்குள் இருக்கும் கருவியை ஒரு தடவை பார்ப்பது 2 விநாடிக்கு மேல் போகக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தம் 12 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. நம் மலைக்கு அந்த 2 விநாடியே அதிகம். மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால்கூட அதற்குள் 16 மீட்டருக்கு மேல் போய்விடுவோம், ஒரு பேருந்தின் நீளத்தை விட அதிகம். சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது 184ஆம் பிரிவில், அபாயகரமாக ஓட்டுதலுக்குள்ளேயே வந்துவிட்டது.

ஆகவே பென் டிரைவ் வாங்குங்கள். ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மட் செய்யுங்கள், பழைய ஸ்டீரியோக்கள் பல வேறு எதையும் படிக்காது. அம்மாவுக்கு ஒரு ஃபோல்டர், உங்களுக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். முக்கியமாக எம்.பி.3 கெய்ன் போன்ற மென்பொருளில் எல்லாப் பாட்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்கு, 89 டெசிபலுக்கு, கொண்டுவந்துவிடுங்கள். பழைய படப் பாட்டு மெதுவாக இருக்கும், கூட்டி வைப்பீர்கள். அடுத்து புதுப் பாட்டு வந்து இடிக்கும், கை தானாகக் குமிழுக்குப் போகும். அந்தக் கையை ஸ்டீயரிங்கிலேயே இருக்க வைப்பதுதான் நோக்கம்.

லீ பஜார் லோடு வண்டி:

சார், அவர் காரில் யு.எஸ்.பி. இல்லை என்று முதல் பதிவிலேயே எழுதிவிட்டார். சத்தத்தைச் சமப்படுத்தச் சொன்னது மட்டும் அருமை, அது எந்த பிளேயருக்கும் பொருந்தும்.

பாட்டை நிறுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி முழுக்க பெங்களூருக்கு லோடு ஓட்டுகிறவனுக்குப் பாட்டுதான் துணை. எங்கள் வண்டியில் முன்பு ஓட்டியவர் ஐபாட் ஷஃபிள் என்ற ஆப்பிளின் பழைய குட்டி பிளேயர் ஒன்றை சீட் பெல்ட் பட்டையில் கிளிப் போட்டு வைத்திருந்தார். திரையே கிடையாது, வட்டமாக ஒரு பொத்தான் மட்டும். ஒருமுறை தொப்பூர் இறக்கத்துக்கு முன் அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் நெஞ்சுப் பக்கம் கட்டை விரலைக் கொண்டுபோய் ஒரே அழுத்து அழுத்தினார். பாட்டு நின்றது, கியர் இறக்கினார், எஞ்சின் உறுமல் மட்டும் கேட்டது. இறக்கம் முடிகிற வரைக்கும் அவர் பேசவுமில்லை, என்னைப் பேச விடவுமில்லை. அப்படி ஓட்டுகிறவரோடு உட்கார்ந்தால் பயமே வராது.

ஆப்பிள் அந்த ஷஃபிளை 2017இல் நிறுத்திவிட்டது. பழையது கிடைத்தால் பேட்டரி தாங்குகிறதா என்று பாருங்கள்.

அஸ்தம்பட்டிவாசி:

நன்றி அண்ணா. கிளிப் போடுவது எனக்குத் தோன்றவே இல்லை. ஆக்ஸ் வயர் கியருக்குக் குறுக்கே வராதா?

அடிவாரம் ஒர்க்‌ஷாப்:

வரும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் கடைக்கு ஒரு கார் வந்தது, முன்பக்கம் மலைச்சுவரில் உரசி. பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். எண்ணெய், டிஸ்க், பூஸ்டர் எல்லாம் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. கீழே விரிப்பைத் தூக்கினால் தீப்பெட்டி அளவில் ஒரு எம்.பி.3 பிளேயர், மூலை நசுங்கி, பெடலின் ரப்பர் வரி அதன் மேல் அப்படியே பதிந்திருந்தது. டேஷ்போர்டில் சும்மா வைத்தது, வளைவில் சரிந்து பிரேக் பெடலுக்கு அடியில் போயிருக்கிறது. பெடல் பாதிக்கு மேல் இறங்கவில்லை. காரில் வந்த தம்பதியிடம் அதைக் காட்டியபோது அந்த அம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கிளிப் நல்ல யோசனைதான், ஆனால் பெல்ட்டில் போட்டால் வயர் மடி மேல் தொங்கும், கியர் மாற்றும்போது கையில் மாட்டும். ஸ்டீரியோவுக்கு வலப்பக்கம், ஸ்டீயரிங்கை ஒட்டிய பேனலில் வெல்க்ரோ ஒட்டிப் பிளேயரைப் பொருத்துங்கள். வயர் ஒரு சாண் நீளம் போதும், மிச்சத்தைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். வளைவு எத்தனை வந்தாலும் அசையாது. வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தால் நானே ஒட்டித் தருகிறேன், காசு வேண்டாம்.