வேலைக்குப் போகும் கதாநாயகி எந்த நாவலில் வேலை செய்கிறாள்?

லேடீஸ்கோச்:

எழும்பூரில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட் நான். வீடு கூடுவாஞ்சேரி. விடிந்தால் தண்ணீர் பிடித்து, அம்மாவின் சர்க்கரை மாத்திரையை எடுத்து வைத்து, டப்பா கட்டிக்கொண்டு ஓடி வந்து பீச் வண்டியில் ஏறிவிட்டால் அப்புறம் ஒரு மணி நேரம் எனக்கே எனக்கு. பெண்கள் பெட்டியில் ஒருவர் கீரை ஆய்வார், ஒருவர் மல்லி கட்டுவார், நான் படிப்பேன். பெரும்பாலும் நின்றபடிதான். இடது கையில் கம்பி, வலது கையில் புத்தகம், பக்கம் தள்ளக் கட்டைவிரல். ஒரு கையில் அடங்காத புத்தகம் எவ்வளவு பெரிய இலக்கியமாக இருந்தாலும் எனக்கு ஆகாது. முன்னுரை படிக்க மாட்டேன். ஐம்பது பக்கத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடுவேன், பாவ புண்ணியம் பார்ப்பதில்லை. 'இவளுக்கு வாய் அதிகம்' என்று அண்ணி சொல்வார். புத்தக விஷயத்தில் அது உண்மைதான்.

கேள்விக்கு வருகிறேன். நான் படிக்கும் குடும்ப நாவல்களில் நாயகி 'ஒரு பெரிய கம்பெனியில்' வேலை பார்க்கிறாள். என்ன வேலை? தெரியாது. காலையில் காட்டன் புடவை கட்டிக்கொண்டு போவாள், லிஃப்ட்டில் முதலாளி மகனை முட்டுவாள், சாயந்திரம் திரும்பி வருவாள். நடுவில் எட்டு மணி நேரம் எங்கே போனது? சம்பளம் எவ்வளவு, அதில் வீட்டுக்கு எவ்வளவு, கால் எங்கே வலிக்கிறது, எதுவும் கிடையாது. நான் நாள் முழுக்க நிற்கிறேன். காலாவதி தேதி நெருங்கும் அட்டைகளைப் பிரித்து மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கரண்ட் போனால் முதலில் ஓடுவது இன்சுலின் இருக்கும் ஃப்ரிட்ஜுக்கு. இதெல்லாம் கதைக்கு ஆகாத சமாச்சாரமா?

இன்னொன்று. கதையில் யாரோ கடைக்கு வந்து பெயரைச் சொன்னதும் தூக்க மாத்திரையை எடுத்து நீட்டுகிறார் கடைக்காரர். அதைப் படித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். ஹெச்1 பட்டியலில், அதாவது கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில், உள்ள மருந்து என்றால் சீட்டு எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேட்டை மூன்று வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எழுதுகிறவர் ஒரு நாள் கடை வாசலில் வந்து நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

'பொன்னியின் செல்வன்' படித்தேன், ஐந்து பாகமும் தனித்தனிப் புத்தகமாகக் கிடைத்ததால். குந்தவை, நந்தினி என்று எல்லோரும் உருகுகிறார்கள். எனக்கு பூங்குழலிதான். தன் கையால் துடுப்புப் போடுகிறவள் அவள். கடைசியில் அவளையும் சோழ ராணி ஆக்கி அரண்மனைக்குள் உட்கார வைத்துவிட்டார் கல்கி. இன்னும் எனக்கு ஆறவில்லை.

பெண் வேலை செய்வதை உள்ளபடி காட்டும் தமிழ் நாவல் சொல்லுங்கள். தியாகச் செம்மல்கள் வேண்டாம். மெல்லிய புத்தகமாக இருந்தால் புண்ணியம்.

முத்துநகர்_சித்தி:

உங்களுக்கு ராஜம் கிருஷ்ணன்தான் சரி. 'கரிப்பு மணிகள்' எடுங்கள், எங்கள் தூத்துக்குடி உப்பளம்தான் களம். அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கற்பனை பண்ணி எழுதுகிற ரகம் இல்லை, எந்தத் தொழிலை எழுதினாலும் அந்த ஊருக்கே போய் மக்களோடு பழகி எழுதியவர்.

எங்கள் அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர். உச்சி வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசி, வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் இருட்டில்தான் உட்காருவார். காலில் வெடிப்பு, அந்த வெடிப்பில் உப்புத் தண்ணீர். மழை தொடங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும், அப்புறம் கடன்தான். பொன்னாச்சி பெட்டி சுமக்கிற பக்கங்களைப் படித்தபோது அம்மாவின் கால்தான் கண் முன்னால் வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இதை எழுதினவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

ஆனால் கண்ணு, அதில் சிரிக்க இடம் குறைவு. வேலை முடிந்து திரும்பும் வண்டியில் வேண்டாம், காலை வண்டியில் படியுங்கள்.

வரிக்குதிரை:

மன்னிக்கவும், எனக்கு உடன்பாடு இல்லை. நாவல் என்ன ஸ்டாக் ரெஜிஸ்டரா? இரண்டு பேர் மனசைப் பற்றிய கதையில் அவள் எத்தனை பில் போட்டாள் என்பது எதற்கு? நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து மறுபடி வேலையையே படிக்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? லிஃப்ட் கதைகள் விற்பதற்குக் காரணமே அதுதான்.

பூங்குழலி விஷயத்திலும் கல்கி மேல் அநியாயமாகப் பாய்கிறீர்கள். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை. காத்திருந்த வாசகர்களுக்கு முடிவில் ஒரு கல்யாணமாவது வேண்டாமா?

லேடீஸ்கோச்:

கல்யாணம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? சேந்தன் அமுதனைக் கட்டிக்கொள்ளட்டும், நல்ல பையன். படகை ஏன் பிடுங்க வேண்டும்?

லிஃப்ட் கதைகளையும் நான் படிக்கிறவள்தான், ஞாயிற்றுக்கிழமை துணி ஊறும் நேரத்துக்கு அது போதும். என் எரிச்சல் வேறு. அதே கதையில் நாயகன் டாக்டர் என்றால் ஆபரேஷன் தியேட்டர், விளக்கு, கத்தி என்று இரண்டு அத்தியாயம் வருகிறது. அவனுக்கு மட்டும் வேலை உண்டு, அவளுக்குப் புடவை நிறம் மட்டும்தான். அதையும் ஸ்டாக் ரெஜிஸ்டர் என்பீர்களா?

சித்தி, கரிப்பு மணிகள் குறித்துக்கொண்டேன். உங்கள் அம்மா கேட்ட கேள்வியை அண்ணியிடம் சொன்னேன், "எனக்கும் கொண்டு வா" என்கிறார். அவர் சமையல் குறிப்பு தவிர எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

தேதிமுத்திரை:

நூலகத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் நடைமுறையாகவே சொல்கிறேன். ராஜம் கிருஷ்ணன் உயிரோடு இருக்கும்போதே, 2009-இல், அவர் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியது. அதனால் இணையத்தில் சட்டப்படி இலவசமாகவே கிடைக்கும். கைபேசியில் படித்தால் உங்கள் ஒற்றைக் கைப் பிரச்சினையும் தீரும்.

மெல்லிசாக வேண்டும் என்றால் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையில் தண்ணீர்ப் பஞ்ச காலம், ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை. சாயா வேலைக்குப் போகிறவள். டீச்சரம்மா என்று ஒருவர் வருவார், வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்துச் சுமப்பவர். குடம் தூக்குவதும் ஒரு வேலைதான் என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரியும். சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்' வேதாரண்யம் பக்கத்து உப்பு. ஒரு தாய், மூன்று பெண்கள்.

எழும்பூரில் இருந்துகொண்டு கன்னிமாராவுக்குப் போகாமல் இருக்காதீர்கள். இந்தியாவில் அச்சாகும் புத்தகங்கள் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று.

பனியன்_ஊர்:

திருப்பூர் என்றால் எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை'. பனியன் தொழில் அவ்வளவும் அதில் இருக்கிறது. ஆனால் ஐந்து ஆண் நண்பர்கள் கதை, புத்தகமும் தடிமன். ஐம்பது பக்கம் தாங்குவீர்களா?

லேடீஸ்கோச்:

ஐந்து ஆண்கள், அதுவும் தடிமன்! தீபாவளி லீவுக்குப் பார்க்கலாம், அப்போது உட்கார்ந்து படிக்க முடியும்.

முதலில் தண்ணீர். கைபேசி வேண்டாம் தேதிமுத்திரை, பரங்கிமலை வந்ததும் இடிக்கிற கூட்டத்தில் புத்தகம் விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். கன்னிமாராவில் வீட்டுக்கு எடுத்துப் போக என்ன ஆவணம் கேட்பார்கள்? ஆதாரில் இன்னும் பழைய வீட்டு முகவரிதான் இருக்கிறது.