தொழில் அனுமதியெல்லாம் ஆன்லைன்ல வந்த பிறகு அலைச்சல் குறைஞ்சுதா? சேலத்துக்காரங்க சொல்லுங்க

அம்மாபேட்டைக்காரன்
எங்க அத்தை தட்டுவடை போட்டு, தட்டுவடை செட் விக்கற கடைகளுக்குக் குடுக்கறாங்க. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆன்லைன்ல போட்டோம். அப்ப 12 லட்சத்துக்குள்ள வியாபாரம்னா வருசத்துக்கு 100 ரூபாய்தான். பணமும் கட்டியாச்சு. அப்புறம் நேர்ல வரச் சொன்னாங்க. மாவைப் பிசைஞ்சு வச்சுட்டு ஓடினோம். அதிகாரியோட கம்ப்யூட்டர்ல அத்தை போட்டோ, ஆதார் எல்லாமே தெரியுது. "இதையே ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மா"ன்னார். அத்தை ஸ்கிரீனைக் காட்டி, "அதுல இருக்கறது நான்தானுங்களே சார்?"னு கேட்டாங்க. அவர் ஜெராக்ஸ் கடை எந்தப் பக்கம்னு கை காட்டினார்.

லேத் பட்டறை
இதான் நடக்குது. 2023ல ஜன் விஸ்வாஸ் சட்டம்னு 42 சட்டத்துல 183 பிரிவைத் திருத்தினாங்க. சின்னத் தப்புக்கெல்லாம் ஜெயில் இல்ல, அபராதம்தான்னாங்க. நல்லதுதான். ஆனா எங்களை யாரு ஜெயில்ல போட்டாங்க? எங்களுக்குப் போறது நாளுதான். மாசுக் கட்டுப்பாடு, ஃபயர், பஞ்சாயத்து எல்லாத்தையும் சின்னத் தொழிலுக்கு எடுத்துடணும்.

ஆத்தூர் வடக்கு
லேத் பட்டறை அண்ணா, எல்லாத்தையும்னு சொல்லாதீங்க. எங்க தோட்டத்துக்கு மேல ஒரு சேகோ ஃபேக்டரி, ஜவ்வரிசி செய்யறது. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அரைச்ச தண்ணியைச் சுத்தம் பண்ணாம விட்டாங்க. ஒருநாள் காலைல மோட்டார் போட்டதும் கிணத்துத் தண்ணியில புளிச்ச நாத்தம். எங்கம்மா குடத்தை அப்படியே கவுத்துட்டாங்க. அந்த அனுமதியும் சோதனையும் வேணும், இன்னும் கண்டிப்பாவே வேணும். ஜெராக்ஸ் கேக்கறதும் தண்ணியைச் சோதிக்கறதும் ஒண்ணா?

லேத் பட்டறை
தண்ணி விசயம் சரி, ஒத்துக்கறேன். தண்ணியே விடாத பட்டறைக்கு எதுக்குன்னுதான் கேக்கறேன்.

ஏற்காடு மிளகு
எங்க பக்கம் மலைப்பகுதிப் பாதுகாப்பு விதி இருக்கு. காப்பித் தோட்டத்துல விருந்தினர் தங்க ரெண்டு ரூம் கட்டணும்னா வனத்துறை, கனிமவளம், வேளாண் பொறியியல்னு ஆளுக்கொரு சான்று. சரிவுல மண் சரிஞ்சதைப் பார்த்தவன் நான், அதனால விதியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு ஆபீஸ்ல குடுத்த வரைபடத்தையே அடுத்த ஆபீஸ் வேற அளவுல கேட்டுச்சு. அது மட்டும் இன்னும் மனசுல நிக்குது.

செவ்வாய்ப்பேட்டை கணக்கு
என் அனுபவம் சின்னது. மச்சான் உதயம் பதிவுக்கு, அதான் சின்னத் தொழிலுக்கு மத்திய அரசு குடுக்கற பதிவு, அதுக்கு ஒரு வெப்சைட்ல 2,500 ரூபாய் கட்டிட்டு வந்து நின்னான். அது அரசோட சைட்டே இல்ல. எல்லாரும் கேட்டுக்குங்க: 2020 ஜூலை 1ல இருந்து உதயம் பதிவு முழுக்க இலவசம். ஆதாரும் பான் நம்பரும் போதும், எந்தக் காகிதமும் ஏத்த வேண்டாம், புதுப்பிக்கவும் வேண்டாம். முகவரி கடைசியில gov.in இருக்கான்னு பாருங்க. 2025 ஏப்ரல்ல இருந்து முதலீடு 2.5 கோடி, விற்பனை 10 கோடி வரைக்கும் குறுந்தொழில்தான். தமிழ்நாட்டுல 2018ல தொழில் எளிதாக்கல் சட்டம் வந்திருக்கு, அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. எல்லா அனுமதிக்கும் ஒரே இடத்துல விண்ணப்பிக்கற ஒற்றைச் சாளரத்துல போட்டது தேங்குச்சுன்னா மாவட்டத் தொழில் மையத்துல எழுத்துல குடுங்க. கலெக்டர் தலைமையில குழு இருக்கு. வாயால கேட்டுட்டு வராதீங்க, ஒப்புதல் ரசீது வாங்குங்க. உதயம் இருந்தா, சரக்கு வாங்கினவர் அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் தரணும், தவறினா வட்டியோட கேக்கலாம்.

கொலுசு பத்தவைப்பு
கணக்கு அண்ணா, அந்த 45 நாளைப் பத்தித்தான் பேசணும். நான் கொலுசுக்குப் பத்தவைக்கறவன், அதாவது சூடுபண்ணி ஒட்டறவன். வெள்ளியை வியாபாரிதான் குடுப்பார், எங்களுக்குக் கூலி. கூலி நின்னப்ப உதயம் சான்றிதழை எடுத்துட்டுப் போய் காட்டினேன். அவர் கோவப்படவே இல்ல. படிச்சுப் பார்த்துட்டு மடிச்சு என் சட்டைப் பையிலயே வச்சார். பக்கத்துப் பட்டறைப் பையனைக் கூப்பிட்டு, எனக்கு எடுத்து வச்சிருந்த வெள்ளியை அவன்கிட்ட நிறுத்துக் குடுத்தார். சட்டம் என் பக்கம்தான் இருக்கு, தெரியும். வேலை அவர் கையில இருக்கே. பேரு வெளியில தெரியாம புகார் குடுக்க வழி இருக்கா? இங்க யாராவது குடுத்து கூலி வாங்கியிருந்தா சொல்லுங்க.