தை, மாசிக் காலைப் புகை: மலையகப் பள்ளத்தாக்கில் எந்த நேரம் ஜன்னல் திறப்பது?

கம்பளை

(ஐந்து ஊர்க்காரர் ஊர்ப் பெயரிலேயே பேசுகிறோம்.) கம்பளை, கெலிஓயா, பேராதனைப் பக்கம் தை, மாசிக் காலையில் மகாவலியை ஒட்டிக் கிடப்பதை நாம் வெறும் பனிமூட்டம் என்று விட்டுவிடுகிறோம். அதற்குள் புகையும் கலந்து கிடக்கிறது. மேகமில்லாத இரவில் தரை சட்டென்று குளிரும். சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்து, ஆற்றுப் பள்ளத்துக்கு இறங்கித் தேங்கும். மேலே சூடான காற்று இருப்பதால் சட்டிக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். கீழே அடுப்பு எரித்தாலும், குப்பை கொளுத்தினாலும், பஸ்ஸை ஸ்டார்ட்டில் விட்டாலும் புகை அதைத் தாண்டாது.

கண்ணாலேயே பார்க்கலாம். கூரைப் புகை கொஞ்ச உயரம் நேராக ஏறி, ஒரு மட்டத்தில் மடங்கிப் படுத்துக் கிடையாக நீளும். மடங்குகிற இடம்தான் மூடி. அந்த நேரம் அம்புலுவாவ மலை உச்சியில் பளிச்சென்று வெயில் அடிக்கும்.

தரை சூடான பிறகு, பெரும்பாலும் ஒன்பது பத்து மணிக்கு, இது கலைகிறது. அதனால் விடிந்ததும் "நல்ல காற்று வரட்டும்" என்று படுக்கையறை ஜன்னலைத் திறக்காதீர்கள். பத்து மணிக்குத் திறந்து, பொழுது சாய்ந்து ஊரில் அடுப்பு மூட்டுவதற்கு முன் சாத்துங்கள். வீசிங் (இழுப்பு) உள்ளவர்கள் காலை நடையைப் பின்னேரம் மூன்று நாலு மணிக்கு மாற்றுவது நல்லது. டொக்டர் தினமும் எடுக்கச் சொன்ன பம்ப்பை (வாயால் இழுக்கும் மருந்து) நீங்களாக நிறுத்தவே கூடாது.

கண்டி

கம்பளை அண்ணன் சொன்னதோடு காற்றுத் தூசை அளக்கும் கருவி பற்றியும் சேர்க்கவேண்டும். கண்டி 500 மீற்றர் உயரத்தில், ஹந்தானை போன்ற மலைகளுக்கு நடுவே குழியில் இருக்கிற ஊர். காற்று தேங்கி நிற்கிற அதே நேரத்தில்தான் பாடசாலை வேன்களும் பஸ்களும் உள்ளே வருகின்றன. பிஎம் 2.5 என்கிற மிக நுண்ணிய தூசுத் துகளுக்கு இலங்கையின் 24 மணி நேர வரம்பு கன மீற்றருக்கு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. இரண்டுமே நாள் சராசரி. பிள்ளைகள் ரோட்டில் நிற்கிற அந்த இரண்டு மணி நேரம் சராசரியில் தெரியாது. கருவியில் மணிக்கு மணி காட்டுகிற எண்ணைப் பாருங்கள்.

விலை குறைந்த கருவிகள் ஒளிச் சிதறலை வைத்துக் கணக்கிடுபவை. ஈரப்பதன் 85 சதவீதம் தாண்டினால் துகள்கள் ஈரம் உறிஞ்சி ஊதும். பனித்துளியும் தூசாகப் பதிவாகும். மூடுபனிக்குள் 150 காட்டினால் பதற வேண்டாம், பனி விலகிய பிறகு மறுபடி பாருங்கள்.

நண்பகலிலும் எண் இறங்கவில்லை, உச்சி மலைகளும் சாம்பலாகத்தான் தெரிகின்றன என்றால் அது நம் ஊர்ப் புகை மட்டுமல்ல, வாடைக்காற்றோடு வங்காள விரிகுடாப் பக்கமிருந்து வந்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது அப்படித்தான் ஆனது; 9ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகளை மூடினார்கள். அப்படியான நாட்களில் ஜன்னல் நேரம் பார்த்துப் பயனில்லை. மூக்கோரம் இடைவெளி இல்லாமல் படிகிற என்95 மாஸ்க்தான் உதவும். நீல நிற மாஸ்க்கில் ஓரத்தால் காற்று உள்ளே வந்துவிடும்.

வட்டவளை

எங்கள் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. வைகாசி தொடங்கினால் வெளிக்காற்று கழுவி விட்டதுபோல் இருக்கும்; கெடுவது லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) உள்ளேதான். கதவு சாத்திய காம்பிரா (அறை), ஈர விறகு, அடைத்த புகைபோக்கி, பக்கத்திலேயே படுத்திருக்கிற பிள்ளை. இதைத்தான் முதலில் பேசவேண்டும்.

கவ்வாத்து மிலாறை (தேயிலையில் வெட்டிய கொப்பு) வெட்டிய ஈரத்தோடு எரித்தால் அனலில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய், விறகு சரியாக எரியாமல் புகையாக வரும். மழைக்கு முன்பே மணிக்கட்டுத் தடிப்புக்கு மேற்பட்டதைப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கல்லும் ஒரு கட்டையும் வைத்து அடுக்குங்கள். மேலே தகரம் போடுங்கள், பக்கங்களை மூடாதீர்கள். தார்ப்பாயால் சுற்றிக் கட்டினால் உள்ளேயே பூசணம் பிடிக்கும். காய்ந்த விறகின் முனையில் வெடிப்பு இருக்கும், இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். எரியும்போது முனையில் நுரை தள்ளினால் இன்னும் ஈரம்.

புகைக்குழாய் முகட்டுக்கு மேல் இரண்டடியாவது நிற்கவேண்டும். இல்லாவிட்டால் காற்று முகட்டைத் தாண்டிச் சுழன்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். மழைத் தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் இடையில் ஒரு சாண் விடுங்கள். வளைவு வைத்தால் அங்கேதான் கரி அடைக்கும்.

வெலிமடை

எங்கள் ஊவாவில் புகைக் காலம் மாறும். ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு இறங்கும்போது மானாப்புல் காய்ந்து, ஒரு தீக்குச்சியில் மலையே எரியும். அந்த நாட்களில் பகலில்தான் ஜன்னலைச் சாத்தவேண்டும்.

நுவரெலியா

குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு படுக்கலாமா?

வட்டவளை

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. கரி புகையில்லாமல் எரிந்தாலும் கார்பன் மொனொக்சைட் வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் போதாது. தலைவலி, குமட்டல், கால் தள்ளாட்டம் வந்தால் முதலில் ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள், பிறகு 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். குளிருக்கு கம்பளியும் சுடுதண்ணீர்ப் போத்தலும் போதும்.